நூல் அறுந்தால் காட்டும் கை

ஜூலை 8, செவ்வாய்

காலையிலிருந்து சாரல். மேற்கே மலை இல்லை. அது இருக்கவேண்டிய இடத்தில் சாம்பல் நிறம் மட்டும். குடை எடுக்கவில்லை. எடுத்திருந்தால் பேருந்தில் மறந்திருப்பேன்.

எம்.ஏ. இரண்டாம் ஆண்டு, ஆங்கிலம். ஆய்வேட்டுத் தலைப்பு சொல்ல இன்று கடைசி நாள். துறை அறையில் வழிகாட்டி சார் (இனி வ. சார்). நான் சொன்ன தலைப்பு: ஆண்களும் பெண்களும் பேசும் விதம், அதில் உள்ள வேறுபாடு.

"இதுல ஆராய என்னம்மா இருக்கு? பொம்பளைங்க கூடப் பேசுவாங்க, ஆம்பளைங்க கொறைச்சுப் பேசுவாங்க."

"அது உண்மையான்னுதான் சார்..."

"உண்மைதாம்மா. எங்க வீட்டுக்கு ஒருநாள் வந்து பாரு."

அறையில் எல்லோரும் சிரித்தார்கள். நானும். பாதிச் சிரிப்பில் நிறுத்திக்கொண்டேன்.

முடிவு: அடுத்த வியாழன் துறை முன்னால் ஆய்வுச் சுருக்கம் வாசிக்க வேண்டும். நம் நூலகத்தில் இதற்கு நூல்கள் உண்டு, நம் ஊரில் இதற்குத் தரவு உண்டு. இரண்டையும் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் அவர் கொடுக்கும் தலைப்பு: ஆங்கிலக் கவிதையில் இயற்கை.

அந்தத் தலைப்பில் ஆய்வேட்டு அலமாரியில் ஒரு வரிசையே நிற்கிறது. பச்சை அட்டை, தங்க எழுத்து. ஒருவர் செய்த எழுத்துப்பிழையை அடுத்தவர் பத்திரமாகக் காப்பாற்றி வருகிறார்.

மாட்டேன்.

இந்தக் கேள்வி இன்று முளைத்தது இல்லை. நான் ஒரு வாக்கியத்தைத் தொடங்கினால், பாதியிலேயே எதிரில் இருப்பவர் தலையாட்டிவிடுகிறார். முடிக்க விட்டிருந்தால் அது வேறு மாதிரி முடிந்திருக்கும். அப்படி முடியாமல் போன வாக்கியங்கள் எங்கே போகின்றன என்று தெரியவேண்டும். அவ்வளவுதான்.

பேருந்து நிறுத்தத்தில் முத்து. ஒரே வகுப்பு. ஊர் கூமாப்பட்டி, வீட்டில் விவசாயம். பக்கத்தில் நின்றால்தான் கேட்கும் குரல்.

"இயற்கைன்னா எடுத்துக்கோயேன் தனம். எங்க ஊருக்கு வா. கண்ணால பாத்தே எழுதிரலாம்."

"நீயே எடு."

"கேட்டேன். சார் குடுக்கல. எனக்கு நாடகமாம்."

ஜூலை 9, புதன்

சாரல் நின்றுவிட்டது. காற்று. நூலகம், திறந்ததும்.

வாசலில் நூற்பட்டியல் பார்க்கும் கணினி. 'தகவல் தொடர்பு' என்று ஆங்கிலத்தில் போட்டால் ஆண்டெனா, நுண்ணலை, செல்போன் கோபுரம். எல்லாம் மின்னணுத் துறைக்கு வாங்கியவை. 'பாலினம்' என்று போட்டால் பிரெஞ்சு இலக்கணம். இரண்டையும் சேர்த்துப் போட்டேன். ஒரே ஒரு நூல். குறிப்புதவிப் பிரிவு, வெளியே தரப்படாது.

மாடியில் தேடி எடுத்தேன். அங்கேயே படிக்க எடுத்தாலும் தேதி முத்திரை விழும் பின்பக்கத் தாளில் ஒரு முத்திரைகூட இல்லை. இத்தனை வருடம் ஒருவரும் கேட்காமல் நின்றிருக்கிறது. பக்கங்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. பிரிக்கும்போது சின்னச் சத்தம். அதற்கே ஆண்கள் பக்கம் திரும்பிப் பார்த்தது.

ஆண்கள் பக்கம் என்பது: படிப்பறையில் சன்னலோர மேசைகள் பெண்களுக்கு, சுவரோர மேசைகள் ஆண்களுக்கு. எங்கும் எழுதி வைக்கவில்லை. முதல் வருடம் வரும்போதே எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது.

நூலகர் எஸ்தர் மேடத்திடம் போய் நின்றேன்.

"புத்தகம் இவ்ளோதாம்மா. ஆனா நம்ம காலேஜ் சந்தா கட்டுற இணைய இதழ்கள் இருக்கு. யாரும் தொடுறதில்ல. யூசர் ஐடி தர்றேன். பெரிய சொல்லாப் போடாத, ஆண்டெனாதான் வரும். அவங்க கட்டுரைக்குள்ள என்ன சொல்லு எழுதிருப்பாங்கன்னு யோசிச்சுப் போடு."

யோசித்தேன். இடைமறிப்பு. தயக்கம். மௌனம். பேச்சில் முறைமாற்றம், அதாவது அடுத்து யார் பேசுவது. போட்டதும் திரை நிறைந்து வழிந்தது. மதியம் சாப்பிட மறந்தேன். இது மிகை இல்லை. டப்பாவைத் திறக்காமல் வீட்டுக்குக் கொண்டுவந்து அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

சிக்கல்: இணைய இதழ்கள் வரும் கணினிகள் சுவரோரம். போய் உட்கார்ந்தேன். பக்கத்தில் இருந்தவன் நாற்காலியை மரியாதையாகத் தள்ளிப் போட்டுக்கொண்டான். எனக்குக் காய்ச்சல் என்பதுபோல. இன்றுமுதல் நான் ஆண்கள் பக்கம்.

குறிப்பு, சுருக்கமாக:

முதலில் எழுதியவர்கள்: பெண்கள் தயங்கிப் பேசுகிறார்கள். 'இல்லையா?', 'என்று தோன்றுகிறது', பாதி வாக்கியம். ஆண்கள் குறுக்கே பேசுகிறார்கள்.

பிறகு வந்தவர்கள்: பெண் என்பதால் அல்ல. கீழே நிற்பதால். கீழே நிற்கும் ஆணும் அப்படித்தான் பேசுவான்.

அதற்கும் பிறகு: யார், யாரிடம், எந்த இடத்தில் என்பதைப் பொறுத்தது.

மூன்றாவது பிடித்திருக்கிறது. ஆனால் எல்லாம் வேறு நாட்டு இடங்கள். விருந்து மேசை, நீதிமன்றம், மருத்துவர் அறை. டவுன் பஸ் ஒன்றுகூட இல்லை.

ஜூலை 10, வியாழன்

வெயில், சாரலுக்கு இடையில் திருடியதுபோல.

வீட்டிலிருந்து கல்லூரிக்கு, இராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் வரை, காதைத் திறந்துவைத்துக்கொண்டு பயணம். முன்பாதி பெண்கள், பின்பாதி ஆண்கள். நடத்துநர் பின்னால் திரும்பி, "ஏலே, படியில நிக்காத, மேல ஏறு." முன்னால் திரும்பி, "யம்மா, செத்த உள்ள தள்ளுங்கம்மா." ஒரே ஆள். கழுத்தைத் திருப்புவதற்குள் குரல் மாறிவிடுகிறது.

எனக்கு முன்னால் இரண்டு பெண்கள்.

"நான் போயி என்ன சொன்னேன்னா..."

"நீ என்ன சொல்லிருப்பன்னு எனக்குத் தெரியாதா?"

"அதத்தான் சொன்னேன்!"

"சொல்லணும். சொன்னாத்தான் அவளுக்கு ஒறைக்கும்."

குறுக்கே பேசியே கதை முன்னால் போனது. ஒருத்திக்கும் கோபம் இல்லை. அப்படியானால் குறுக்கே பேசுவதில் இரண்டு வகை. ஒன்று வாக்கியத்தைத் தூக்கிப் பிடிக்கிறது, ஒன்று பிடுங்குகிறது. நூலில் இது இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். (பார்த்தேன். இருக்கிறது. எனக்கு முன்னாலேயே கண்டுபிடித்துவிட்டார்கள். பரவாயில்லை, நான் பேருந்தில் கண்டுபிடித்தேன்.)

மதியம் வ. சார் மேசை. முத்துவும் நானும். முதலில் முத்து.

"சார்... அந்த நாடகத்துல... ரெண்டாவது அங்கம்... ஒருவேள..."

சார் பேனாவை மூடி வைத்தார். காத்திருந்தார். மின்விசிறி சுற்றியது. முத்து தாளைப் புரட்டினான். சார் இன்னும் காத்திருந்தார். "சொல்லுப்பா, அவசரமில்ல."

அடுத்து நான்.

"சார், நூலகத்துல கட்டுரைகள் கிடைச்சிருச்சு. ஆனா அவங்க எடுத்த இடமெல்லாம்..."

"புரியுது, புரியுது."

"என்ன சார் புரிஞ்சது?"

கேட்டுவிட்டேன். அவர் நிமிர்ந்தார். "அதாம்மா, நீ சொல்ல வந்தது." பிறகு கைபேசி ஒலித்தது, அவருக்கு நல்ல நேரம்.

வெளியே வந்ததும் முத்துவிடம், "ஒனக்கு மட்டும் எம்புட்டு நேரம் காத்திருக்காரு பாத்தியா?"

"காத்திருக்கல தனம். நான் முடிச்சிருவேனான்னு பயந்துபோய்ப் பாக்காரு."

நல்ல தரவு. ஆனால் இதைக் கொண்டுபோய் அவர் முன்னாலேயே வாசிக்க முடியாது. வேறு இடம் வேண்டும். எங்கே?

ஜூலை 11, வெள்ளி

மேகம். மலை பாதி தெரிந்தது.

அந்த முத்திரை இல்லாத நூலில் ஓர் அட்டவணை. பெண் பேச்சின் அடையாளங்கள் இடப்பக்கம், ஆண் பேச்சின் அடையாளங்கள் எதிர்ப்பக்கம். நகல் எடுத்து வந்தேன். காலையில் அடுக்களை வாசலில் உட்கார்ந்து அம்மாவை அதில் பொருத்திப் பார்த்தேன்.

அம்மாவுக்குப் பேண்டேஜ் துணி நெய்யும் விசைத்தறிக் கூடத்தில் (இங்கே 'செட்') வேலை. நான் பிறப்பதற்கு முன்பிருந்தே. மெதுவாகப் பேச வராது. எங்கள் வீட்டில் இன்று என்ன குழம்பு என்று தெருவுக்கே தெரியும். தயக்கம் இல்லை. 'இல்லையா?' இல்லை. எல்லாம் கட்டளை. 'எடு. வை. போ. தின்னு.'

அப்பா லாரியில், கேரளப் பக்கம். போனில் அவர் பேசுவது: "ம்... பாப்போம்... ஒங்கம்மா என்ன சொல்லுதா?... சரி, வைக்கட்டா?"

அட்டவணைப்படி அம்மா ஆண், அப்பா பெண்.

"என்னட்டி சிரிக்க?"

"நீ ஆம்பளையாம்மா. புத்தகத்துல போட்டுருக்கு."

"வெல குடுத்தா வாங்குன?"

"லைப்ரரி புத்தகம்."

"அப்பச் சரி."

அப்போதுதான் தோன்றியது. அம்மா இப்படிப் பேசக் கற்றுக்கொண்டது வீட்டில் இல்லை, செட்டில். இடத்தைப் பொறுத்தது என்று மூன்றாவதாக எழுதியவர்கள் சொன்னார்களே, அதுதான். கேட்டேன், வரட்டுமா என்று. "நாளைக்குக் கரண்ட் கட்டு. தறி ஓடாது. பாக்கணும்னா இன்னைக்கே வா."

சாயங்காலம் போனேன். சின்ன வயதில் சாப்பாடு கொண்டு போன இடம்தான். ஆனால் அப்போது காது மட்டும்தான் அடைத்தது, கண் திறக்கவில்லை.

உள்ளே நுழைந்ததும் சத்தம் சுவர்போல எதிரே நிற்கிறது. பஞ்சு பறக்கிறது. யாரும் யாருடைய குரலையும் கேட்பதில்லை. உதட்டை அகலமாகத் திறந்து சொல்கிறார்கள், கையால் முடிக்கிறார்கள். ஆண்களும் பெண்களும் ஒரே மாதிரி. குழைவு, இழுப்பு, பணிவு, எதுவும் இல்லை. அதற்கெல்லாம் அந்தச் சத்தத்தில் இடம் இல்லை. மேஸ்திரி ஏதோ கேட்டார். அம்மா தாடையை ஆட்டி 'அந்தப் பக்கம் போ' என்றாள். போனார்.

முக்கியமானது இது. முதலாளி வந்தார். அம்மாவிடம் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். அதே நேரம் தறியில் நூல் அறுந்தது. அம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒரு கையால் நூலைப் பிடித்தாள், மறு கையைத் தோளுக்கு நேரே தூக்கி உள்ளங்கையை அவரிடம் காட்டினாள். 'இரு. நூல் பிடிக்கிறேன்.' முதலாளி நின்றார். வாயை மூடிக்கொண்டு, துணியைப் பார்த்துக்கொண்டு. முடிச்சு விழுந்து தறி ஓடிய பிறகுதான் அவள் காதருகே குனிந்து பேசினார்.

எல்லோரும் எல்லோருக்கும் காட்டுகிறார்கள். மேஸ்திரிக்குக் காட்டுகிறார்கள், மேஸ்திரி காட்டுகிறார். யார் காட்டினாலும் எதிரில் இருப்பவர் நிற்க வேண்டும்.

வீட்டில் அம்மா இதைச் செய்வாள், கடுகு வெடிக்கும்போது. நானும் செய்வேனாம். முத்து என்னை 'டிராபிக்' என்று கூப்பிடுவதன் காரணம் இன்றுதான் விளங்கியது.

இன்னொன்று. மூன்று தறி தள்ளி முனியம்மாக்கா, அம்மாவின் கூட்டாளி, மம்சாபுரத்துக்காரர். உதட்டால் அம்மாவிடம் நீளமாக ஏதோ. அம்மா கட்டைவிரலைத் தூக்கினாள். வெளியே வந்ததும் கேட்டேன். திங்கள் முதல் இரவு எட்டு மணிக்கு விடும் வேலையை எட்டரைக்கு மாற்றப் போகிறார்களாம். மம்சாபுரம் பஸ் போய்விடும். நாளை முதலாளி எல்லோரையும் கூப்பிட்டுப் பேசுவார். அப்போது அம்மாதான் எடுத்துச் சொல்ல வேண்டும்.

"சொல்லுவியா?"

"சொல்லாம? எனக்கென்ன பயம்?"

ஜூலை 12, சனி

மாதாந்திர மின்தடை. காற்றும் இல்லை.

தறி துடைக்க, எண்ணெய் போட எல்லோரையும் வரச்சொல்லியிருந்தார்கள். நானும் போனேன். செட்டுக்குள் காகம் கத்துவது கேட்டது. அங்கே அதுவரை நான் கேட்டிராத சத்தம்.

முதலாளி டீ வாங்கி வரச்சொன்னார். நாற்காலி போட்டு உட்கார்ந்தார். ஆண்கள் வாசல் பக்கம் வந்து நின்றார்கள், பெண்கள் சுவரோரம் தரையில். யாரும் சொல்லவில்லை. எங்கள் படிப்பறை மாதிரியே.

எட்டரை பற்றிச் சொன்னார். ஆண்கள் பேசினார்கள். ஒருவர், "பொறவு டீக்கு ஒரு பிரேக் சேத்து விடுங்க மொதலாளி." இன்னொருவர், "இவனுக்கு டீ போதாது." சிரிப்பு. சத்தமான, கால் நீட்டி உட்கார்ந்த மாதிரிச் சிரிப்பு.

முனியம்மாக்கா அம்மாவைத் தொடையில் இடித்தார்.

அம்மா பேசினாள். அந்தக் குரல் எனக்குத் தெரியாது. சின்னது. முந்தானை ஓரம் வாயருகே.

"இல்ல மொதலாளி... மம்சாவரத்துப் பிள்ளைகளுக்கு... பஸ்ஸு என்னமோ... எனக்கு என்ன தெரியும், நீங்க பாத்து..."

"சரி சரி. ரெண்டு நாள்ல பழகிரும்."

அவ்வளவுதான். அடுத்த பேச்சு எண்ணெய் பற்றி.

தயக்கம். பாதி வாக்கியம். 'எனக்கு என்ன தெரியும்.' அட்டவணையில் இடப்பக்கம் மேலிருந்து கீழ்வரை. என் அம்மா சரியான பத்தியில் வந்து உட்கார்ந்துவிட்டாள். நான் துள்ளிக் குதித்திருக்க வேண்டும். இதைவிடத் தெளிவான தரவு ஒரு நூலிலும் இல்லை. அதே மனிதர்கள், அதே இடம், அதே முதலாளி. தறி ஓடினால் ஒரு பேச்சு, நின்றால் வேறு பேச்சு. மின்வாரியமே எனக்காக ஒரு சோதனை நடத்திக் கொடுத்திருக்கிறது.

துள்ளவில்லை. டீ ஆறிப்போயிற்று.

திரும்பும் வழியில் கேட்டேன். "நேத்து கட்டவெரலக் காட்டுன. இன்னைக்கு ஏம்மா சொல்லல?"

"எல்லாரும் கேட்டுட்டு இருந்தாகள்ல."

ஜூலை 14, திங்கள்

சாரல் மறுபடி. நூலகம், சுவரோரக் கணினி. பக்கத்து நாற்காலிக்காரன் இன்று தள்ளிப் போகவில்லை. பென்டிரைவ் இருக்கா அக்கா என்று கேட்டான். முன்னேற்றம்.

தேடியவை: தொழிற்சாலை இரைச்சல், பேச்சு, பெண்கள். வந்தவை எல்லாம் காது பற்றி. கேட்கும் திறன் குறைவது, பஞ்சு அடைப்பது, பரிசோதனை. சத்தத்துக்குள் யார் யாரிடம் என்ன பேசுகிறார்கள் என்று ஒன்றும் இல்லை. அந்த இடம் காலி.

எஸ்தர் மேடத்திடம் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இல்லன்னு சொல்றதுக்கு முன்னாடி எங்கெங்க தேடின, என்ன சொல்லு போட்டன்னு எழுதி வச்சுக்கோ. சும்மா இல்லன்னு சொன்னா ஒங்க சார் நம்ப மாட்டாரு."

எழுதினேன். சுருக்கம் எழுதத் தொடங்கினேன். தலைப்பு தானாக வந்தது: இரைச்சலும் பேச்சும். ஒரு தறிக்கூடத்தில் ஆண்களும் பெண்களும். வாக்கியங்கள் குட்டையாக விழுந்தன. திருத்தவில்லை. இப்படித்தான் இருக்க வேண்டும்.

எட்டரை இன்று முதல். முனியம்மாக்கா பஸ்ஸைத் தவறவிட்டார். வீட்டுக்காரர் வண்டியில் வந்து கூட்டிப்போனாராம், வழியெல்லாம் ஏசிக்கொண்டே. அம்மா இதைச் சொல்லும்போது வழக்கமான குரல்தான். ஆனால் என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஜூலை 16, புதன்

ஸ்ரீவில்லிபுத்தூரில் தேர் வேலை தொடங்கிவிட்டது. ரத வீதி வழியாக வந்ததில் தாமதம்.

குறிப்புதவிப் பிரிவின் மூலையில் முத்துவை எதிரே நிறுத்தி ஒத்திகை. அவன் வ. சாராக நடிக்க வேண்டும். நடுவில் புகுந்து, "புரியுது, புரியுது" என்று சொல்ல வேண்டும். முத்துவின் "புரியுது" பூனைக்குட்டி போல் இருந்தது.

"சத்தமாச் சொல்லு."

"லைப்ரரி தனம்."

"சாருன்னு நெனச்சுக்கோ, பயம் வராது."

"சாருன்னு நெனச்சாத்தான் பயமா இருக்கு."

இருவரும் சிரித்ததில் எஸ்தர் மேடம் மாடி ஏறி வந்துவிட்டார். அவர் திட்டியது என்னை மட்டும். சிரித்தது இரண்டு பேர். இதையும் குறித்துக்கொண்டேன், அவர் பார்க்க.

"ஒன்னு சொல்லவா?" என்றான் முத்து, படியிறங்கும்போது. "கையத் தூக்காத. நான் குறுக்க பேசுனப்பல்லாம் தூக்குன. என்கிட்டன்னா பரவால்ல."

"தூக்குனேனா?"

"டிராபிக்."

நாளை கையில் தாள்களைப் பிடித்துக்கொள்வது. இரண்டு கையாலும்.

பயமா? இல்லை. பசி மாதிரி ஒன்று.

ஜூலை 17, வியாழன்

நல்ல வெயில். மலை முழுசாக நின்றது, மடிப்பு மடிப்பாக.

கருத்தரங்க அறை. துறைத்தலைவர் மேடம் நடுவில், வ. சார் அவருக்கு வலப்பக்கம், மற்ற ஆசிரியர்கள். வகுப்பு முழுவதும் பின்னால். முத்து எனக்கு முன்னால் முடித்துவிட்டான். நிறுத்தி நிறுத்தி. எல்லோரும் காத்திருந்தார்கள்.

நான் எழுந்தேன். இரண்டு கையிலும் தாள்.

நூலகத்தில் என்ன இருக்கிறது என்று சொன்னேன். என்ன இல்லை என்று சொன்னேன், தேடிய சொற்களோடு. வ. சார் தலையாட்டினார். நல்ல தலையாட்டல். பிறகு செட்டுக்கு வந்தேன். தறி ஓடும்போது எப்படிப் பேசுகிறார்கள். அடுத்து மின்தடை நாள். அங்கேதான் என் முழு ஆய்வும் இருக்கிறது.

"தறி நின்றதும் அதே பெண்கள்..."

"அதாவது, இயல்பாவே பெண்கள் மென்மையாப் பேசுறவங்க," வ. சார் மற்றவர்கள் பக்கம் திரும்பிவிட்டார். "சத்தத்துனால செயற்கையாக் கத்துறாங்க, சத்தம் நின்னதும் இயல்புக்குத் திரும்பிடறாங்க. அதத்தான் இந்தப் பொண்ணு சொல்ல வருது. நல்ல..."

நான் சொல்ல வந்தது அதற்கு நேர் எதிர்.

கை போய்விட்டது. எனக்குத் தெரியாது. தாள் இடக்கைக்கு மாறியிருந்தது. வலக்கை தோளுக்கு நேரே, விரல் விரித்து, உள்ளங்கை வ. சாரைப் பார்த்தபடி.

அவர் நின்றுவிட்டார். வாய் திறந்தபடி.

பின்னால் யாரோ மூச்சை இழுத்தார்கள். அநேகமாக முத்து. கையை இறக்கலாமா என்று ஒரு கணம். இறக்கியிருந்தால் மன்னிப்புக் கேட்க வேண்டியிருக்கும், அதற்குள் வாக்கியம் போய்விடும். இறக்கவில்லை. நூலைப் பிடித்தேன்.

"தறி நின்றதும் அதே பெண்கள் குரலைக் குறைக்கிறார்கள். அது அவர்களின் இயல்பு என்றால், ஓடும்போது முதலாளியை நிறுத்தும் துணிவு எங்கிருந்து வந்தது? இரைச்சலில் எல்லோரும் எல்லோருக்காகவும் காத்திருக்க வேண்டும். அமைதியில் சிலருக்காக மட்டும் காத்திருக்கிறார்கள். என் ஆய்வு பேசுகிறவர்களைப் பற்றியது அல்ல. காத்திருப்பவர்களைப் பற்றியது."

முடிந்தது. வாக்கியம் அதன் கடைசி வரை போய் முடிந்தது. கையை இறக்கினேன்.

வ. சார் கண்ணாடியைச் சரிசெய்தார்.

"அது என்னம்மா கை?"

"செட்டுல நூல் அறுந்தா காட்டுற கை சார். பேசாதீங்க, முடிச்சுப் போடுறேன்னு அர்த்தம். யாரு காட்டினாலும் நிக்கணும்." பிறகு, நிறுத்த முடியாமல், "அதுதான் சார் இரண்டாம் இயல்."

துறைத்தலைவர் மேடம் குனிந்து தாளில் ஏதோ தேடினார். தோள் குலுங்கியது. வ. சார் அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தன் கையைக்கூட ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"நானும் நின்னுட்டனே," என்றார்.

தலைப்பு ஏற்கப்பட்டது. நிபந்தனை: பெயர் சுருக்க வேண்டும். வாசலில் அவர் தனியாகச் சொன்னது: "வெளியில இருந்து தேர்வாளர் வந்தா அந்தக் கை வேணாம்மா." யோசிக்கிறேன் சார் என்றேன். 'சரி சார்' என்று சொல்லவில்லை.

இரவு அம்மா வேலை விட்டு வந்து, துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். மடிப்பதை நிறுத்திவிட்டாள்.

"பெரிய சாருக்கா காட்டுன?"

"தெரியாமப் போயிருச்சும்மா."

"நின்னாரா?"

"நின்னாரு."

"தறி ஓடுச்சா அங்க?"

"காலேஜ்ல ஏதும்மா தறி?"

அம்மா தன் வலக்கையைத் திருப்பிப் பார்த்தாள். விரல் நுனியில் பஞ்சு ஒட்டியிருந்தது.

"தறி நிக்கையில நாங்க அதக் காட்டுனதே இல்லட்டி," என்றாள். அந்தச் சின்னக் குரலும் இல்லை, தெருவுக்குக் கேட்கும் குரலும் இல்லை. நடுவில் ஒன்று.

ஜூலை 18, வெள்ளி

வெயில். தலைப்பைப் பதிவேட்டில் ஏற்றியாயிற்று. நேராக நூலகம், சுவரோரம். முத்து எதிர்க் கணினியில். படிப்பறை நிறைந்திருந்தது, தேர்வு எழுதுபவர்கள் நிறையப் பேர்.

கைபேசியை அமைதியில் போட மறந்திருந்தேன். அம்மா. வெளியே ஓடுவதற்குள் விரல் பட்டு அழைப்பு எடுபட்டுவிட்டது. அம்மாவின் குரலுக்கு ஒலிபெருக்கி தேவையில்லை.

"ஏட்டி தனம்! கேக்குதா? எட்டரை பத்திக் கேக்க மொதலாளி ஆபீஸ் ரூம்புக்கே போயிட்டோம்! நானும் முனியம்மாளும்! அவிய பாட்டுக்குப் பழகிரும் பழகிரும்னு பேசிக்கிட்டே போறாக..."

அறை முழுவதும் திரும்பியது. சன்னலோரம், சுவரோரம், இரண்டும்.

"...கையக் காட்டிட்டேன்!"

எஸ்தர் மேடம் நாற்காலியை விட்டு எழுந்து என்னை நோக்கி வந்தார். விரல் உதட்டில்.

அம்மா இன்னும் முடிக்கவில்லை. நான் மேடத்திடம் உள்ளங்கையைக் காட்டினேன்.